ஆர்32 ஜிடி-ஆர் வாங்க 48,000 பவுண்டு கொடுக்கலாமா? முதலீடாகத் தாக்குப்பிடிக்குமா?

சேயோன் (ஹாரோ, லண்டன்) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

கடையில் எனக்கிருந்த பங்கை அண்ணனுக்கே விற்றுவிட்டேன். கைமாற்றுக் கடன்களை அடைத்தது போக 55,000 பவுண்டு மிச்சம். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது ஆண்டு ஓடும். பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறார் மனைவி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதிலிருந்து என் மனத்தில் ஒரே கார்தான்: நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32. பள்ளி நாட்களில் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படம் இன்னும் அம்மா வீட்டில் இருக்கிறது.

இப்போது மிட்லண்ட்ஸ் பக்கம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 1991ஆம் ஆண்டுத் தயாரிப்பு, கன் கிரே நிறம், 2003இல் ஜப்பானிலிருந்து இங்கே வந்தது, 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, முழுவதும் அசல் என்று விளம்பரம் சொல்கிறது. 48,000 பவுண்டு கேட்கிறார்கள்.

என் கணக்கு இப்படிப் போகிறது. 2019இல் ஆர்எம் சதபீஸ் ஏலத்தில் 1994ஆம் ஆண்டு டொயோட்டா சுப்ரா 1,73,600 டாலருக்குப் போனது. 2020 ஜனவரியில் ஒரு டாட்சன் 240இசட் 3,10,000 டாலர். 2023இல் பான்ஹம்ஸ் ஏலத்தில், இதே காரின் பிந்தைய மாடலான ஓர் ஆர்34 ஜிடி-ஆர் 13,57,000 டாலர். இவற்றோடு ஒப்பிட்டால் ஆர்32 இன்னும் கைக்கெட்டும் விலையில்தான் இருக்கிறது. ஐந்து, ஏழு ஆண்டில் இதுவும் அந்த உயரத்தை நோக்கிப் போகாதா? வாங்குவதென்றால் எதைப் பார்க்க வேண்டும்? தயவுசெய்து ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

வாணி (கிராய்டன்) பதில்:

தம்பி, எனக்குக் காரைப் பற்றித் தெரியாது. கணக்கு தெரியும், இருபது ஆண்டாக அதுதான் என் வேலை. ஆகவே கணக்கை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. இங்கே தனிப்பட்டவர் வைத்திருக்கும் பயணிகள் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. சட்டம் காரைத் தேய்ந்துபோகும் சொத்தாகப் பார்க்கிறது. 48,000க்கு வாங்கி 80,000க்கு விற்றாலும் முழுவதும் உங்களுக்கே. அதன் மறுபக்கம், நட்டம் வந்தால் வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது. வாங்குவதும் விற்பதுமாகத் தொடர்ந்தால் வியாபாரம் என்று கருதி வருமான வரி கேட்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

இனி செலவு. பூட்டிய இடத்தில் நிறுத்த மாதம் 110 பவுண்டு என்று வைத்தால் ஆண்டுக்கு 1,320. காப்புறுதி 650. சாலை வரி 360. சர்வீஸ், டயர், எண்ணெய் எல்லாம் சேர்த்து 700. ஆக, பெரிதாக எதுவும் உடையாத ஆண்டிலேயே ஏறத்தாழ 3,000 பவுண்டு. ஐந்து ஆண்டுக்கு 15,000. அதே 48,000ஐ 4 விழுக்காட்டு வட்டிக்குப் போட்டிருந்தால் ஐந்து ஆண்டில் சுமார் 58,400 ஆகியிருக்கும். இரண்டையும் கூட்டினால், 2030 வாக்கில் இந்தக் காரை 73,400 பவுண்டுக்கு விற்றால்தான் சேமிப்புக் கணக்கில் போட்ட உங்கள் மனைவியோடு நீங்கள் சமமாக நிற்கிறீர்கள். அதற்குமேல் வருவதுதான் லாபம்.

இன்னொன்று. நீங்கள் இருப்பது ஹாரோ. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும், குறித்த அளவுக்குமேல் புகை விடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டது. 1991ஆம் ஆண்டு பெட்ரோல் கார் அந்தப் புகை அளவுக்குள் வராது. காரை வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12 பவுண்டு 50 பென்ஸ். 40 வயது நிறைந்து, வரலாற்று வாகனம் என்று பதிந்த பிறகுதான் அந்தக் கட்டணமும் சாலை வரியும் நீங்கும். 1991ஆம் ஆண்டுக் காருக்கு அது 2032.

காப்புறுதி எடுப்பதானால் "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்ற வகையில் எடுங்கள். சாதாரணக் காப்புறுதியில் கார் திருட்டுப்போனால், அவர்கள் சொல்லும் சந்தை விலைதான் கிடைக்கும். இந்த வகைக் கார்களைக் குறிவைத்துத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று என் வாடிக்கையாளர் ஒருவர் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன்.

நாவலன் (நகோயா) பதில்:

சேயோன் தம்பி, வாணி அக்கா சொன்ன 73,400 என்ற எண்ணைத் தாளில் எழுதிப் பணப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் காரைப் பற்றிச் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008 முதல் 2019 வரை ஜப்பானில் கார் ஏற்றுமதி நிறுவனங்களுக்காகப் பரிசோதகனாக வேலை செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும் நகோயாவுக்குத் தெற்கே டோக்காய் நகரிலுள்ள யூஎஸ்எஸ் ஏலக்களம். விடியும்முன் போய்விடுவோம். ஏலம் தொடங்கியபின் ஒரு கார் விலைபோக அரை நிமிடம்கூட ஆகாது, ஆகவே பார்ப்பதையெல்லாம் அதற்குமுன் பார்த்து முடிக்க வேண்டும். கையில் டார்ச், சின்னக் கண்ணாடி, முழங்காலுக்குக் கீழே போட ஓர் அட்டை. பதினோரு ஆண்டில் எத்தனை ஜிடி-ஆர்களின் அடியில் படுத்திருப்பேன் என்று எண்ணியதில்லை.

நீங்கள் எடுத்துக்காட்டிய மூன்று விலைகளையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். 13,57,000 டாலர் ஆர்34, நடிகர் பால் வாக்கர் ஒரு திரைப்படத்தில் ஓட்டியது. அந்த விலையில் பெரும்பங்கு அந்த மனிதருக்கானது, காருக்கானது அல்ல. சுப்ரா சுமார் 11,000 மைல் மட்டுமே ஓடிய கார். 240இசட்டும் வண்ணம் முதல் உட்புறம் வரை தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காக்கப்பட்ட ஒன்று. செய்தியாகும் விலைகள் எல்லாம் இப்படிப்பட்ட கார்களுக்குத்தான். அவற்றை வைத்து மிட்லண்ட்ஸில் நிற்கும் காரை எடைபோட முடியாது.

ஆர்32 எத்தனை செய்தார்கள் தெரியுமா? 1989 ஆகஸ்ட் முதல் 1994 வரை ஏறத்தாழ 44,000. ஆர்34 அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று, 11,500 சொச்சம். சுபாரு 22பி ஜப்பானுக்கு 400தான். லெக்சஸ் எல்எஃப்ஏ உலகத்துக்கே 500. டொயோட்டா 2000ஜிடி 351. 1973இன் கென்மேரி ஜிடி-ஆர் 197. இந்த வரிசையில் ஆர்32ஐ அரிய கார் என்று சொல்ல முடியாது. அது பெரிய கார், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஜப்பானின் குரூப் ஏ பந்தயங்களில் 1990 முதல் 1993 வரை ஓடிய 29 பந்தயத்திலும் அதுதான் வென்றது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் 1991லும் 1992லும் வென்றது. அந்த வரலாற்றை யாரும் அதனிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் அரியது எது என்றால், அந்த 44,000இல் தகடு கெடாமல், அடிபடாமல், வெட்டி ஒட்டப்படாமல் மிஞ்சியிருப்பதுதான். விலை ஏறியதும் இனி ஏறப்போவதும் அவற்றுக்கே. ஆகவே ஆர்32 என்ற மாடலை வாங்குவதாக நினைக்காதீர்கள். நீங்கள் வாங்கப்போவது ஒரே ஓர் உடலை.

விலை எப்படி ஏறியது என்று கண்ணால் பார்த்தவன் நான். 2010இல் ஏலக்களப் பரிசோதனையில் 4 என்று மதிப்பெண் பெற்ற ஒரு வெள்ளை ஆர்32ஐ 11 லட்சத்து 50 ஆயிரம் யென்னுக்கு எனக்காகவே எடுத்தேன். 2013இல் 17 லட்சத்துக்கு விற்றேன். அன்றைக்கு நல்ல லாபம் என்று இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அமெரிக்காவில் 25 ஆண்டு நிறைந்த காரை அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுத்தாமல் இறக்கலாம். முதல் ஆர்32க்கு அந்த நாள் 2014 ஆகஸ்ட். விலை அந்த நாளில் ஏறவில்லை, அதற்கு ஓராண்டு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. முன்கூட்டி வாங்கிக் கிடங்கில் போட்டவர்கள் இருந்தார்கள். ஆர்33க்கு 2020, ஆர்34க்கு 2024. இரண்டிலும் அதே கதை. இதோடு யென்னும் விழுந்தது. 2012இல் ஒரு பவுண்டுக்கு 120, 130 யென் கிடைத்தது, 2024இல் 200ஐத் தாண்டியது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்த விலையில் ஏலக்களம் திறந்துவிட்டது போல.

இனி என்ன? கடைசி ஆர்34 தொழிற்சாலையை விட்டு வந்தது 2002 ஆகஸ்ட். அதற்கு அமெரிக்கக் கதவு 2027 ஆகஸ்டில் திறக்கும். அதோடு இந்தக் குடும்பத்தில் காத்திருக்கும் கார் முடிந்தது, ஏனென்றால் அடுத்த ஆர்35ஐ நிசானே அமெரிக்காவில் நேரடியாக விற்றது. பத்து ஆண்டாக விலையைத் தள்ளிய அந்தக் காற்று நின்றுவிடும். வட்டியும் பாருங்கள். 2021 இறுதிவரை இங்கிலாந்து வங்கியின் வட்டி 0.1 விழுக்காடு, 2023 ஆகஸ்டில் 5.25. சும்மா கிடந்த பணம் கார் வாங்கிய காலம் அது, அந்தச் சூடு அதற்குப்பின் தணிந்தது. சுமாரான ஆர்32களின் விலை இனி அசையாமல் நிற்கும், அல்லது மெல்ல இறங்கும் என்பது என் கணிப்பு. கெடாத உடல் கொண்டவை பிடித்துக்கொள்ளும், ஓரளவு ஏறும்.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதையும் யாரும் சொல்லிவிட முடியாது. எல்எஃப்ஏ புதிதாக இருந்தபோது 3,75,000 டாலர். உற்பத்தி 2012இல் முடிந்துவிட்டது. 2017இலும் அமெரிக்க விற்பனைக் கூடங்களில் விற்காத புதுக் கார்கள் நின்றிருந்தன. யாருக்கும் வேண்டாமல் ஐந்து ஆண்டு நின்ற அதே கார் இன்றைக்கு அந்த விலையைப் போல இருமடங்குக்கும் மேல். நடுவில் விற்றவர்கள் முட்டாள்கள் அல்லர், அவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. உங்களுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. 55,000இல் 48,000 போய்விட்டால், வேலை போகும் மாதத்தில் நீங்கள்தான் விலை பேசாமல் விற்க வேண்டியவர்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன்.

இங்கே ஏலக்களத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. காரின் வரைபடம், அதன்மேல் குறிகள். ஏ1 என்றால் சிறு கீறல், யூ2 என்றால் நடுத்தரக் குழிவு, டபிள்யூ2 என்றால் சரிசெய்த அலைவு தெரியும் இடம், எஸ் என்றால் துரு, எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகம் மாற்றப்பட்டது. மொத்த மதிப்பெண் 5, 4.5, 4, 3.5 என்று இறங்கும். காரின் எலும்புக்கூட்டில் பழுதுபார்த்த வேலை நடந்திருந்தால் ஆர். 2016இல் நான் வேலை பார்த்த இடத்தில், ஆர் வாங்கிய ஓர் ஆர்32க்கு 4 என்று மாற்றிய தாள் இங்கிலாந்து வாடிக்கையாளருக்குப் போனது. என் கையெழுத்தில் இருந்த குறிப்பு நீக்கப்பட்டிருந்தது. கேட்டேன், உன் வேலையைப் பார் என்றார்கள். அந்த மனிதருக்கு எப்படியோ முகவரி பிடித்து உண்மையை எழுதினேன், கார் அதற்குள் கப்பலில் ஏறிவிட்டிருந்தது. இதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே தாளைக் காட்டினாலும் தகட்டைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். 2003இல் வந்த உங்கள் காருக்குத் தாள் கிடைப்பதே அரிது, தகடு ஒன்றுதான் சாட்சி.

பின்சக்கர வளைவின் உள்ளே கையை விடுங்கள். வெளித்தகடும் உள்தகடும் மடிந்து சேரும் உதடு அங்கே இருக்கிறது. விரலால் அதன் ஓரமாகவே மெல்லத் தடவிக்கொண்டு போங்கள். தொழிற்சாலை மடிப்பு கூர்மையாக, ஒரே கனத்தில் இருக்கும். பட்டி போட்ட இடத்தில் உதடு தடித்து, வழவழப்பாகி, திடீரென்று மறையும். துரு உள்ளிருந்து வந்தால் மணல் ஒட்டிய பிஸ்கட்டைத் தொடுவதுபோல் நொறுங்கும். 2013 குளிரில் ஒரு கன் கிரே காரில் இப்படித் தடவியபோது என் சுட்டுவிரல் நகம்வரை உள்ளே போய்விட்டது. வெளியே பார்த்தால் பளபளவென்று நின்ற கார். அதை நாங்கள் எடுக்கவில்லை, இன்னொருவர் எடுத்தார்.

பிறகு டிரங்கைத் திறந்து விரிப்பைத் தூக்குங்கள். பின்பக்கத் தகட்டின் அடியில் வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில், ஒரே அளவுக் குழிகளாக வரிசையாக இருக்க வேண்டும். இடைவெளி மாறினால் பின்னால் அடிபட்டிருக்கிறது. அடுத்து ஜாக்கி வைக்கும் இடங்களும், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பகுதியும். உங்கள் நாட்டில் குளிர்காலச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். இருபது ஆண்டுக்குமேல் அந்த உப்பைத் தின்ற கார் இது.

எஞ்சின் அறையில் பின்சுவரில் பொறித்த எண் பிஎன்ஆர்32 என்று தொடங்க வேண்டும். எச்சிஆர்32 என்றிருந்தால் சாதாரண ஜிடிஎஸ்-டி காருக்கு ஜிடி-ஆர் உடை போட்டிருக்கிறார்கள். அங்கேயே இருக்கும் நீலத் தகட்டில் வண்ணக் குறி கேஎச்2 என்றிருந்தால் அது பிறப்பிலேயே கன் கிரே. கேஎல்0 என்றால் வெள்ளி நிறமாகப் பிறந்து பின்னால் நிறம் மாற்றப்பட்டது, அதற்கு விலை குறையும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்பி26 வலுவானது, ஆனால் ஆர்32இல் டர்போவின் சுழலி பீங்கான், அழுத்தம் கூட்டினால் உடையும். முந்தைய தயாரிப்புகளில் எண்ணெய்ப் பம்பு இணையும் இடம் குறுகலானது, அதுவும் உடையும். இரண்டையும் மாற்றியதற்கான ரசீது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். 2017 இறுதியிலிருந்து நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ பழைய பாகங்களை மறுபடி தயாரிக்கிறது, விலை கடிக்கும். எஞ்சினை மறுபடி கட்டலாம். கெட்ட உடலைக் காசால் மீட்க முடியாது.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அங்கே வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி தகுதிச் சோதனையின் வரலாற்றைப் பதிவெண் போட்டு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், 2005 வாக்கிலிருந்து இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் பதிந்த ஓட்டத் தூரத்தையும் துரு பற்றிய குறிப்பையும் வரிசையாக எழுதி இங்கே போடுங்கள்.

சேயோன் (ஹாரோ) பதில்:

நாவலன் அண்ணா, வாணி அக்கா, இருவருக்கும் நன்றி. மனைவியிடம் 73,400 கணக்கைக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை, தாளை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டார்.

எம்ஓடி வரலாற்றைப் பார்த்தேன். 2006: 88,200 கிலோமீட்டர். 2009: பின்பக்க இடது சில், துரு, பற்றவைக்க வேண்டும் என்று முதல் முறை தோல்வி. 2013: 1,09,400. 2015: 51,300. இப்போது விளம்பரத்தில் 68,000. விற்பவரிடம் கேட்டேன். முந்தைய உரிமையாளர் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம்வரை காட்டும் நிஸ்மோ மீட்டரைப் பொருத்தியதால் எண் மாறியது, இதெல்லாம் இந்தக் கார்களில் வழக்கம்தான் என்கிறார். வரும் சனிக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன்.

தவம் (ஸ்கார்பரோ, டொரொன்டோ) பதில்:

சேயோன், நிறுத்தி வைத்தால் மதிப்பு காக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னிடம் 1992ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி. கனடாவில் 15 ஆண்டு விதி என்பதால் 2008இலேயே இறக்கினேன். 2014இல் மகள் பிறந்தபின் ஐந்து ஆண்டு ஒரு கிடங்கில் விட்டுவிட்டேன், மாதம் தவறாமல் வாடகை கட்டினேன், கார் பத்திரமாக இருக்கிறதென்று நினைத்தேன். 2019இல் உறையை எடுத்தபோது நான்கு பிரேக்கும் இறுகியிருந்தன. பெட்ரோல் தொட்டிக்குள் துரு. எஞ்சினைத் தட்டி எழுப்பியதும் குளிர்நீர் முத்திரைகள் கசிந்தன. சுழல் எஞ்சினைப் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. மொத்தம் 14,000 கனடிய டாலர். ஐந்து ஆண்டில் ஏறிய மதிப்பில் பாதி அதிலேயே போய்விட்டது.

இப்போது மே முதல் அக்டோபர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் நன்கு சூடாகும்வரை நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் 12 பவுண்டு 50 பென்ஸ் ஆகும். காரை லண்டன் எல்லைக்கு வெளியே வைக்க ஓர் இடம் பாருங்கள், ஓட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நாவலன் (நகோயா) பதில்:

தவம் சொன்னது முழு உண்மை.

சேயோன், மீட்டர் மாற்றுவது தவறல்ல, நிஸ்மோ மீட்டர் பலர் போடுவதுதான். பழைய மீட்டரும் மாற்றிய நாளின் ரசீதும் இருந்தால் அது ஒரு குறிப்பு, அவ்வளவே. ஆனால் 1,09,400ஐத் தாண்டியபின் மாற்றி, அதற்குப்பின் குறைந்தது 16,700 ஓடியிருக்கிறது. உண்மையான ஓட்டம் 1,26,000க்குக் குறையாது. அதை 68,000 என்று விளம்பரத்தில் எழுதியதுதான் தவறு. ஓட்டத்தை மறைத்தவர் சில்லை எப்படிச் சரிசெய்தார் என்று பாருங்கள். சனிக்கிழமை போகும்போது சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், தகட்டில் ஒட்டும், பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது.

சேயோன் (ஹாரோ) பதில்:

போய் வந்தேன். மனைவியும் கூட வந்தார்.

கார் அழகாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. எஞ்சின் ஒலியைக் கேட்டதும் என் தொண்டை அடைத்துவிட்டது. எண் பிஎன்ஆர்32, குறி கேஎச்2, இரண்டும் சரி. பழைய மீட்டர் இல்லை, ரசீதும் இல்லை. வலப்பக்கப் பின்வளைவில் காந்தம் கப்பென்று ஒட்டியது. இடப்பக்கம் கதவிலிருந்து சக்கரம் நோக்கி நகர்த்தினேன். ஒரு சாண் வரை ஒட்டியது, அதற்குமேல் துணியோடு கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. உள்ளே கையை விட்டேன். நீங்கள் சொன்ன உதடு அங்கே இல்லை, வழவழப்பாக ஏதோ ஒன்று இருந்தது. விற்பவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு 41,000க்குத் தருகிறேன் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். திரும்பும்போது மனைவிதான் சொன்னார், சரியான ஒன்று கிடைத்தால் வாங்கலாம், ஆனால் கையிருப்பில் 20,000 தொடாமல் இருக்க வேண்டும் என்று. அப்படியானால் என் எல்லை 35,000. அதற்கு ஜப்பானிலிருந்து நேராக எடுக்க வழி உண்டா?

வாணி (கிராய்டன்) பதில்:

உங்கள் மனைவியை எனக்குப் பிடித்துவிட்டது.

இறக்குமதிக்கு ஒரு விதி. 30 ஆண்டு கடந்து, தயாரிப்பு நின்றுபோன மாடலாக, அசல் நிலையில் இருக்கும் காரைச் சேகரிப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டால் சுங்கத் தீர்வை இல்லை, மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடு மட்டும். எஞ்சின், பிரேக், காரின் அடிச்சட்டம் பெரிதாக மாற்றப்பட்டிருந்தால் அந்தச் சலுகையை மறுக்கலாம். அப்போது வரி 20 விழுக்காடு, அதற்குமேல் தீர்வை. 35,000 எல்லைக்குள் கப்பல் கூலியையும் இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நாவலன் (நகோயா) பதில்:

வந்த இறக்கத்தைப் பார்த்தீர்களா, காந்தம் விழுந்த ஒரு நொடியில் 7,000 பவுண்டு.

35,000க்குள் எல்லாம் சேர்த்து என்றால் 4.5 மதிப்பெண் கிடைக்காது. 3.5இல் உடல் நல்லதாக, வண்ணமும் இருக்கைகளும் தேய்ந்ததாக ஒன்றைத் தேட வேண்டும். அப்படிப்பட்டவை வருகின்றன, பொறுமை வேண்டும். நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், ஆனாலும் பழைய நண்பர் வழியாக இந்த வார வரிசையைப் பார்த்தேன். இரண்டு ஆர்32 இருக்கின்றன. முதலாவது, வெள்ளை, பார்க்க மிக நேர்த்தி, ஆனால் ஆர். அது வேண்டாம். இரண்டாவது 1992, வெள்ளி, கேஎல்0, 3.5, ஓட்டம் 1,41,000, எஞ்சின் அசல், ஏ2 குறி ஏழெட்டு இடத்தில், ஓட்டுநர் இருக்கை கிழிந்திருக்கிறது, எக்ஸ்எக்ஸ் எங்கும் இல்லை. இடப்பக்க சில்லில் மட்டும் எஸ்1 என்று ஒரு குறி. அது மேற்பரப்புத் துருவா, உள்ளிருந்து வந்ததா என்று தாளில் தெரியாது. வெள்ளிக்கிழமை விடியற்காலை நானே போய்ப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறேன். டிரங்க் விரிப்பைத் தூக்கிய படமும் சில்லின் அடிப்படமும் எடுத்து இங்கேயே போடுகிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.